இன்றிரவு கரண்ட் கட் என்று போன் வந்தால்

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் சென்ற மாத பில் எங்கள் கணக்கில் ஏறவில்லை. இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே எங்கள் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்." அதற்குக் கீழே ஒரு செல்போன் நம்பர்.

2022 வாக்கில் நாடு முழுக்கச் சுற்றிய இந்த எஸ்எம்எஸ், மாநிலத்துக்கு மாநிலம் மின் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும். சித்தூர், திருப்பதிப் பக்கம் என்றால் ஏபிஎஸ்பிடிசிஎல்லின் பெயரில் வரும். எஸ்எம்எஸ் இல்லாமல் நேரே போன் வருவதும் உண்டு.

பதிலை முதலில் சொல்லிவிடலாம். அப்படியெல்லாம் யாரும் ராத்திரியோடு ராத்திரியாகக் கட் பண்ணிவிட முடியாது. பில் பாக்கியே இருந்தாலும், எழுத்து மூலம் முழுசாக 15 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் இணைப்பைத் துண்டிக்கலாம் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு. பில் கட்டியவருக்கு அந்தக் கவலையும் இல்லை. ஆந்திரத்தின் தெற்கு மாவட்டங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் ஏபிஎஸ்பிடிசிஎல்லின் தலைமை அலுவலகம் திருப்பதியிலேயே இருக்கிறது. பில்லில் உங்கள் சர்வீஸ் நம்பர் இருக்கிறது. சந்தேகம் என்றால் 1912-க்குப் போன் போட்டு அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூட ஏமாறுகிறார்கள். அதற்குக் காரணம் அந்தப் பேச்சு கட்டப்பட்டிருக்கும் விதம்.

பேச்சை வரி வரியாகப் பார்ப்போம்

இந்த மாதிரிப் போன்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"கரண்ட் ஆபீஸ்ல இருந்து பேசறேன் மேடம். பில் கட்டினீங்களா?"

"போன வாரமே போன்பேல கட்டிட்டேனே சார்."

"கட்டியிருக்கீங்க மேடம், தெரியுது. ஆனா சிஸ்டத்துல அப்டேட் ஆகல. புது சாஃப்ட்வேர் மாத்தியிருக்கோம். அப்டேட் பண்ணலைன்னா ராத்திரி தானா கட் ஆயிடும்."

"ஐயோ, வீட்ல வயசானவங்க இருக்காங்க சார்."

"அதுக்குத்தான் மேடம் நானே கூப்பிடறேன். பத்தே ரூபா கட்டுங்க, அப்டேட் ஆயிடும். போனை வெச்சிடாதீங்க. லைன்லயே இருங்க, நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க."

முதல் வரியில் அவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெயர், சர்வீஸ் நம்பர், பில் தொகை எதையும் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்கிறார். பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

மூன்றாவது வரிதான் கெட்டிக்காரத்தனம். "நீங்கள் கட்டவில்லை" என்று சொல்லியிருந்தால் ரசீதைக் காட்டிச் சண்டை போடுவீர்கள். அவர் அதற்கு இடமே கொடுக்காமல், கட்டினீர்கள் என்று ஒப்புக்கொண்டு பழியைச் சிஸ்டத்தின் மேல் போடுகிறார். சிஸ்டத்தோடு யார் சண்டை போடுவது?

போன் வருவது பெரும்பாலும் சாயங்காலமாக இருக்கும். கரண்ட் ஆபீஸ் கவுன்ட்டர் மூடியிருக்கும், மீ சேவாவும் சாத்தியிருக்கும், பேங்க்கும் கிடையாது. நேரில் போய்க் கேட்க வழி இல்லாத வேளையாகப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். பத்து ரூபாய் என்பதும் யோசித்து வைத்த தொகை. பத்தாயிரம் கேட்டால் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பீர்கள். பத்து ரூபாய்க்கு யாரைக் கேட்பது?

கடைசி வரி எல்லாவற்றையும்விட முக்கியம். போனை வைத்துவிட்டால் நீங்கள் மகனைக் கேட்பீர்கள், பக்கத்து வீட்டில் கேட்பீர்கள், லைன்மேனைக் கேட்பீர்கள். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் அவர் உங்களுக்குக் கொடுக்க மறுக்கிறார். "போனை வைக்காதீங்க" என்று யார் சொன்னாலும், அந்தச் சொல் காதில் விழுந்ததுமே வைத்துவிடுங்கள்.

பத்து ரூபாய் எப்படி லட்சமாகிறது

"ஓடிபி-யை யாருக்கும் சொல்லக்கூடாது, அவ்வளவுதானே, நான் சொல்ல மாட்டேன்" என்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். இப்போதெல்லாம் ஓடிபி-யை யாரும் உங்களைக் கேட்பதில்லை. அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒரு வழி, திரையைக் காட்டும் ஆப். எனிடெஸ்க், டீம்வியூவர் குயிக்சப்போர்ட் போன்றவை தூரத்தில் இருந்தபடியே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க உண்டானவை, ஆப்பில் குற்றமில்லை. அதை இறக்கச் சொல்லி, திரையில் வரும் எண்ணைக் கேட்டு வாங்குவார்கள். நீங்கள் அனுமதி கொடுத்ததும் உங்கள் போன் திரை அப்படியே அவர் கண் முன்னால் இருக்கும். பத்து ரூபாய் கட்ட நீங்கள் அடிக்கும் கார்டு நம்பரும், அடுத்து வரும் ஓடிபி-யும் அவருக்குத் தெரியும். எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

இன்னொரு வழி, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல். "கரண்ட் பில் அப்டேட்", "ஆர்டிஓ சலான்", "பிஎம் கிசான்" என்று நம்பும்படியான பெயர் இருக்கும். அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்து, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும்போது சரி என்று கொடுத்தால், அதன் பிறகு உங்களுக்கு வரும் ஒவ்வொரு மெசேஜும் அவர்களுக்கும் போகும். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் ஆப் எதுவாக இருந்தாலும், யார் அனுப்பியிருந்தாலும், தொடாதீர்கள். தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும் அப்படித்தான். அவர் போனை ஏற்கனவே பிடித்திருக்கலாம்.

மூன்றாவது, கால் ஃபார்வர்ட். "நெட்வொர்க் சரியாக வேண்டும், இதை டயல் செய்யுங்கள்" என்று *401* என்று தொடங்கும் எண் ஒன்றைக் கொடுப்பார்கள். டயல் செய்தால் உங்களுக்கு வர வேண்டிய அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பும். குரலில் சொல்லப்படும் ஓடிபி-யும் அங்கேதான் போகும். இந்த வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி டெலிகாம் துறை செல்போன் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. இருந்தாலும் உங்கள் போனில் *#21# அடித்துப் பாருங்கள். அழைப்புகள் வேறெங்கும் திரும்புகின்றனவா என்று தெரியும். திரும்பினால் ##002# அடித்து எல்லாவற்றையும் ரத்து செய்யலாம். இதற்கே இன்னொரு உருவம், "இன்னொரு கால் வரும், மெர்ஜ் பண்ணுங்க" என்பது. அந்த இன்னொரு கால், பேங்க்கிலிருந்து வரும் ஓடிபி-யாக இருக்கும்.

நான்காவது பழையதுதான், யுபிஐ பின். பணம் அனுப்பத்தான் பின் வேண்டும். வாங்க வேண்டியதில்லை. "ரீஃபண்ட் தருகிறோம், பின் போடுங்கள்" என்றால் போவது உங்கள் பணம்.

ஒரே கூத்து, வேஷம் பல

கரண்ட் ஆபீஸ் ஒரு வேஷம் மட்டுமே. மறுநாள் அதே ஆள் வேறு வேஷம் கட்டி வருவார்.

சிம் கார்டு வேஷம்: "ட்ராயிலிருந்து பேசுகிறோம். இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் நம்பர் நின்றுவிடும். விவரம் அறிய 9-ஐ அழுத்தவும்" என்று பதிவு செய்த குரல் வரும். ட்ராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அது தனிப்பட்ட ஒருவருடைய நம்பரை நிறுத்துவதும் இல்லை, அதற்காகக் கூப்பிடுவதும் இல்லை. 9-ஐ அழுத்தினால் "உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் குற்றத்தில் மாட்டியிருக்கிறது" என்று ஆரம்பித்து, வீடியோ காலில் போலீஸ் யூனிஃபார்ம் போட்டவர் வந்து, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்பதுவரை போகும். சட்டத்தில் அப்படி ஓர் அரெஸ்ட் கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலி உரையில் சொன்னார்.

கேஸ் வேஷம்: இ-கேஒய்சி முடிக்காவிட்டால் சிலிண்டர் நின்றுவிடும் என்பார்கள். இ-கேஒய்சி என்பது உண்மையிலேயே உள்ளதுதான். அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. ஆனால் அதை முடிக்க ஏஜென்சிக்குப் போகலாம், கம்பெனியின் சொந்த ஆப்பிலும் செய்யலாம். போனில் வரும் லிங்க் தேவையில்லை.

திருப்பதிக்கே உரிய வேஷம் ஒன்று உண்டு. தேவஸ்தானத்தின் பெயரில் போலி வெப்சைட்டுகள், ரூம் புக்கிங் என்று போலி நம்பர்கள், "விஐபி பிரேக் தரிசனம் வாங்கித் தருகிறேன்" என்று போன்கள். ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர் பக்தர்கள். சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து கூகுளில் தேடி, முதலில் வந்த நம்பரைக் கூப்பிட்டு, அட்வான்ஸ் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பி வந்தால் இங்கே பெயரே பதிவாகியிருக்காது. 2023 ஏப்ரலில் தேவஸ்தானத்தின் புகாரில் ஒரு போலித் தளத்தின் மேல் வழக்குப் பதிவானபோது அது 41-வது என்று செய்தி வந்தது. 300 ரூபாய் சிறப்புத் தரிசன டிக்கெட்டை ஆன்லைனில் வாங்க தேவஸ்தானத்தின் சொந்தத் தளமும் ஆப்பும் இருக்கின்றன. அந்தத் தளத்தின் முகவரி "ஏபி டாட் கவ் டாட் இன்" என்று முடியும். போலித் தளங்கள் அதே சொற்களை முகவரியின் நடுவில் கோடு போட்டுச் சேர்த்துவிட்டு, கடைசியில் "டாட் ஆர்க்" அல்லது "டாட் காம்" என்று முடித்திருக்கும். முகவரியின் வாலைப் பாருங்கள், தலையைப் பார்க்காதீர்கள். இலவச தரிசன டோக்கனுக்குத் திருப்பதியில் உள்ள தேவஸ்தானக் கவுன்ட்டர்களில் நேரில் நிற்க வேண்டும். அதற்குப் பணமே கிடையாது.

யார் யாரைக் கூப்பிட்டார்கள்?

வேஷங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பதில் ஒரே ஒரு பழக்கம் போதும்: வந்த அழைப்பில் எந்த வேலையையும் முடிக்காதீர்கள். போனை வைத்துவிட்டு, நீங்களே கூப்பிடுங்கள்.

உங்களுக்கு வரும் அழைப்பில் பேசுபவர் யார் என்பதற்கு அவர் சொல்வதைத் தவிர வேறு சாட்சி இல்லை. திரையில் தெரியும் பெயரும், வாட்ஸ்அப்பில் தெரியும் லோகோவும் அவரே வைத்துக்கொண்டவை. ட்ரூகாலரில் "கரண்ட் ஆபீஸ்" என்று வருவது, யாரோ அந்த நம்பரை அப்படிச் சேமித்து வைத்திருப்பதால்தான். ஆனால் பில்லில் அச்சிட்ட நம்பருக்கு நீங்களே போட்ட அழைப்பு, போக வேண்டிய இடத்துக்குத்தான் போகும்.

நம்பரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். கூப்பிட்டவர் கொடுத்த நம்பர் ஆகாது. கூகுளில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் நம்பரும் ஆகாது. அங்கே மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரையே போட்டு வைக்கிறார்கள். பில், பாஸ்புக், ஏடிஎம் கார்டின் பின்பக்கம், கேஸ் புத்தகம் ஆகியவற்றில் அச்சாகியிருப்பதே சரியான நம்பர்.

சிலவற்றை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்கு 1912. செல்போன் கம்பெனியிடம் புகாருக்கு 198. கேஸ் கசிவு போன்ற அவசரத்துக்கு 1906. திருமலை தேவஸ்தானத்துக்கு 155257. தமிழ்நாட்டில் உள்ள சொந்தக்காரர்களுக்கு மின்னகம் 94987 94987. ஆந்திர அரசு 2025 ஜனவரியில் தொடங்கிய மன மித்ரா வாட்ஸ்அப் சேவைக்கு 95523 00009. இதில் கரண்ட் பில்லும் கட்டலாம். வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் மோசடி என்று சொல்ல முடியாது. அங்கேயும் நீங்கள்தான் முதலில் மெசேஜ் போடுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

அடையாளங்கள்: எவ்வளவு நம்பலாம்?

பேங்க், இன்சூரன்ஸ் போன்ற நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளரைக் கூப்பிட 1600 என்று தொடங்கும் எண்களை டெலிகாம் துறை ஒதுக்கியிருக்கிறது. விளம்பர அழைப்புகளுக்கு 140. கம்பெனிகள் அனுப்பும் எஸ்எம்எஸ், எழுத்துகளால் ஆன தலைப்பில் வரும். அதன் கடைசியில் கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பணப் பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. "பில் கட்டவில்லை" என்ற எஸ்எம்எஸ் சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து வந்தால், அது கம்பெனி அனுப்பியது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அழைப்புக்கு இந்தக் கணக்கு முழுசாகப் பொருந்தாது. உங்கள் தெரு லைன்மேன் தன் சொந்த செல்போனிலிருந்துதான் கூப்பிடுவார். அதனால் நம்பரை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். என்ன கேட்கிறார் என்று பாருங்கள். லைன்மேன் ஆப் இறக்கச் சொல்ல மாட்டார், பின் கேட்க மாட்டார்.

மொழியும் ஒரு காலத்தில் அடையாளமாக இருந்தது. நகரியிலும் குப்பத்திலும் கரண்ட் ஆபீஸ்காரர் தெலுங்கிலோ தமிழிலோ பேசுவார். ஹிந்தி கலந்த குரல் வந்தால் உஷாராகிவிடலாம். இப்போது இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிற ஆட்களே கிடைக்கிறார்கள். எங்கிருந்து கிடைக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்: டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி கம்போடியாவுக்குப் போன விசாகப்பட்டினத்து இளைஞர்கள், அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு மோசடிப் போன் பேச வைத்ததாக 2024 மே மாதம் திரும்பி வந்து போலீசிடம் சொன்னார்கள். நம் மொழி பேசுகிறார் என்பதற்காக நம்பிவிட முடியாது.

பணம் போய்விட்டால்

அழுவதும் திட்டுவதும் பிறகு. முதல் வேலை, 1930-க்குப் போன். சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் இது. எந்த பேங்க், எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். டெபிட் ஆன எஸ்எம்எஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் உங்கள் பேங்க்குக்கும், பணம் போய்ச் சேர்ந்த பேங்க்குக்கும் தகவல் கொடுத்து, பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நிமிஷக் கணக்கில் தள்ளி, ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள் என்பதால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பணத்தைக் கை கழுவுவதற்குச் சமம். இதே புகாரை "சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்" தளத்திலும் பதியலாம்.

அடுத்து பேங்க்குக்குச் சொல்லி கார்டையும் யுபிஐ-யையும் முடக்குங்கள். சொன்ன நேரத்துக்குச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி போட்ட உத்தரவின்படி, உங்கள் தவறோ பேங்க்கின் தவறோ இல்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஓடிபி, பின் போன்றவற்றை நீங்களே கொடுத்திருந்தால், சொல்லும்வரை போனது உங்கள் கணக்கு. சொன்ன பிறகு போவது பேங்க்கின் பொறுப்பு. ஒரே போனில் நான்கைந்து தடவை பணம் எடுப்பார்கள் என்பதால், இரண்டாவது எஸ்எம்எஸ் வருவதற்குள் பேங்க்குக்குச் சொல்லிவிடுவதே பெரிய லாபம்.

போனையும் கவனிக்க வேண்டும். முதலில் இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, அவர்கள் சொல்லி இறக்கிய ஆப்பை அழியுங்கள். அது அழியவில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுத்து ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். "சஞ்சார் சாத்தி" தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, உங்களுடையது இல்லாததை நிறுத்தச் சொல்லலாம்.

போலீஸ் ஸ்டேஷனில் "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினால், ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்கள். எந்த ஊரில் நடந்த குற்றத்துக்கும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். தரிசனத்துக்கு வந்து ஏமாந்த வேலூர்க்காரர் திருப்பதியிலும் கொடுக்கலாம், ஊருக்குப் போயும் கொடுக்கலாம். நிறுத்திவைத்த பணம் கைக்கு வரக் கோர்ட் உத்தரவு தேவைப்படலாம் என்பதால், புகாரின் காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று: "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கொஞ்சம் ஃபீஸ் கட்டுங்கள்" என்று சில நாள் கழித்து ஒரு போன் வரலாம். முதலில் ஏமாற்றியவர்களின் கூட்டாளிதான் அது. ஏமாந்தவர் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது.

வீட்டில் பேச வேண்டியது

இந்தியாவில் சைபர் மோசடியில் போன பணம் 2023-இல் 7,465 கோடி ரூபாய், 2024-இல் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. ஏமாந்தவர்களில் பேங்க் மேனேஜர்களும் டாக்டர்களும் இருக்கிறார்கள். படிக்காதவர்தான் ஏமாறுவார் என்ற நினைப்பு, படித்தவரை ஏமாற்றவே உதவுகிறது.

அந்தப் பணம் ஏதோ ஒரு பேங்க் கணக்கு வழியாகத்தான் போகிறது. "உன் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று காலேஜ் பிள்ளைகளைக் கேட்டு வாங்கிய கணக்குகள் அதில் நிறைய. போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்தக் கணக்குக்காரர் வீட்டில்தான். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

பெரியவர்களிடம் சொல்ல வேண்டியது வேறு. "தெரியாதவங்க கிட்டப் பேசாதே" என்று மிரட்டினால், ஏமாந்த அன்று திட்டுக்குப் பயந்து ராத்திரி முழுக்க மறைத்து வைப்பார்கள். பணத்தை நிறுத்த வேண்டிய நேரம் அதிலேயே போய்விடும். அதற்குப் பதில், "யாராவது அவசரப்படுத்தினா, பையனைக் கேட்டுச் சொல்றேன்னு போனை வெச்சிடும்மா. எது நடந்தாலும் உடனே எனக்குச் சொல்லு, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வார்த்தையைக் காப்பாற்றவும் வேண்டும்.

பணம் போகாமல் தப்பித்தவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சஞ்சார் சாத்தியில் "சக்ஷு" என்ற பகுதி 2024 மார்ச்சிலிருந்து இருக்கிறது. மோசடி என்று சந்தேகப்பட்ட போன், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் எதையும் அங்கே பதியலாம். நம்பர், வந்த நேரம், என்ன பேசினார் என்பது போதும். விசாரித்து அந்த இணைப்பை நிறுத்தினால், உங்களிடம் பலிக்காத அந்த நம்பர் அடுத்த தெருவிலும் பலிக்காமல் போகும்.